சேலத்துக் கல்லூரி வகுப்பில் பிரெஞ்சு: முதல் பருவத்துக்கு ஒரு வழிகாட்டி

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் 1997 இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. பட்டப்படிப்பில் சேரும் மாணவர் பகுதி ஒன்று என்று வழங்கும் மொழிப்பாடத்துக்குப் பொதுவாகத் தமிழையே எடுக்கிறார். சில கல்லூரிகளில் அந்த இடத்தில் இந்தியோ பிரெஞ்சோ எடுக்கவும் வழி உண்டு. அப்படிப் பிரெஞ்சை எடுத்து, ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு சொல்லும் தெரியாமல் வகுப்பில் வந்து அமர்பவருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஓமலூரிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் மலையிறங்கி ஏற்காட்டிலிருந்தும் வருகிற முதலாண்டு மாணவர்களுக்குத் தொடக்கநிலைப் பிரெஞ்சு சொல்லித்தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், முதல் பருவத்தில் எதை எந்த வரிசையில் செய்தால் மொழி பிடிபடுகிறது என்பதைக் கண்டவரையில் சொல்கிறேன்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நம் வகுப்பறைகளில் பிரெஞ்சு பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்கப்படுகிறது. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருகிற மாணவர், ஆங்கிலமே தடுமாறும்போது பிரெஞ்சு எப்படி வரும் என்று அஞ்சிப் பின்வரிசைக்குப் போய்விடுகிறார். அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை. பிரெஞ்சின் ஒலிகள் சிலவும், மரியாதை வழக்கும், சொற்புணர்ச்சியும், அன்றாட வாக்கிய அமைப்புகள் பலவும் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே நெருக்கமானவை. ஆங்கிலம் உதவும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் எந்த இடத்தில் எந்த மொழியைத் துணைக்கு அழைப்பது என்று அறிந்துகொண்டால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

சேர்க்கைப் படிவத்தில் மொழிப்பாடத்தைக் குறிக்கும் முன்பு, அந்த ஆண்டு பிரெஞ்சு வகுப்பு உண்மையிலேயே நடக்கிறதா, எத்தனை பருவங்களுக்கு நடக்கிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பாடநூல் எது, பேச்சுத்தேர்வு உண்டா என்பவற்றைத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ளுங்கள். போதிய மாணவர்கள் சேராவிட்டால் வகுப்பையே கைவிட்டுவிடுகிற கல்லூரிகளும் உண்டு. மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதற்காக மட்டும் பிரெஞ்சை எடுக்காதீர்கள். கல்லூரியில் தமிழிலக்கியம் படிக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுத்துத்தான் இந்த மொழிக்கு வருகிறீர்கள். அந்த விலைக்குத் தகுந்ததை இங்கே பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் எடுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள்: காதும் வாயும்

பாடநூலைத் திறப்பதற்கு முன் ஒலிகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் மான்ஃபோர்ட் பள்ளியைத் தெரியாதவர் இல்லை. 1673 முதல் 1716 வரை வாழ்ந்த லூயி என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் ஊர்ப்பெயர்தான் அந்தப் பள்ளியின் பெயராக நிற்கிறது. நாம் கடைசியில் 'ட்' என்று அழுத்தி முடிக்கும் அந்தப் பெயரைப் பிரெஞ்சுக்காரர் 'மோன்ஃபோர்' என்றே சொல்வார். எழுத்தில் இரண்டு இடங்களில் அந்த 'ட்' இருந்தும் இரண்டுமே ஒலிப்பதில்லை. சொல்லின் இறுதியில் நிற்கும் மெய்யெழுத்து பெரும்பாலும் ஊமையாகவே இருக்கும் என்ற பிரெஞ்சின் முதல் விதியை, மலைக்குப் போகிற வழியில் தெரிகிற ஒரு பெயர்ப்பலகையே கற்றுத்தந்துவிடுகிறது.

அதே பெயரின் முதல் அசையில் இரண்டாவது பாடம் இருக்கிறது. 'மோன்' என்று நான் எழுதினாலும் அங்கே 'ன்' என்னும் மெய் இல்லை. நாக்கு அண்ணத்தைத் தொடாமல், உயிரொலியே மூக்கின் வழியாகவும் வெளியேறுகிறது. இந்த மூக்கொலி உயிர்களைக் கண்டுதான் புதியவர்கள் மிகவும் மிரள்கிறார்கள். ஆனால் தமிழர் ஒவ்வொரு நாளும் இவற்றை ஒலிக்கிறோம். பேச்சில் 'மரம்' என்று சொல்லிப் பாருங்கள்: கடைசி மகரத்துக்காக நாம் உதடுகளை மூடுவதில்லை, உயிரை மூக்கில் விட்டு நிறுத்திவிடுகிறோம். அந்த முடிவு, 'நல்ல' என்று பொருள்படும் 'போன்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. பேச்சுத்தமிழின் 'அவன்' என்ற சொல்லின் முடிவு, ரொட்டியைக் குறிக்கும் 'பேன்' என்ற சொல்லுக்கு நெருங்கியது. 'வந்தான்' என்பதன் முடிவு, காற்றைக் குறிக்கும் 'வான்' என்ற சொல்லுக்கு நெருங்கியது. மரம், அவன், வந்தான் ஆகிய மூன்றையும் வீட்டில் பேசுவதுபோலவே அடுத்தடுத்துச் சொல்லிப் பழகுங்கள். பிறகு அதே வாயோடு பிரெஞ்சுச் சொற்களுக்குச் செல்லுங்கள். மேடைத்தமிழில் சொன்னால் இந்தப் பயிற்சி பலிக்காது.

பிரெஞ்சின் தகரம் நம் தகரம்போலப் பல்லில் பிறப்பது. ஆங்கிலப் பழக்கத்தில் 'டேபிள்' என்று சொல்லத் தோன்றும். எழுத்து மாறாமல் எழுதப்படும் அதே சொல் பிரெஞ்சில் 'தாப்ல்'. க, த, ப ஆகியவற்றை ஆங்கிலேயர் சொல்முதலில் மூச்சை ஊதிச் சொல்வதுபோல் பிரெஞ்சுக்காரர் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை. இந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, ஆங்கில உச்சரிப்பைத் திருத்திக்கொள்வதற்காகப் பள்ளியில் பழகிய அந்த ஊதலை விட்டுவிடுவது மட்டும்தான்.

உண்மையில் உழைக்க வேண்டிய ஒலிகள் மூன்று. முதலாவது, சேலத்தாருக்குப் பழகிய 'க்ளூனி' என்ற பெயரில் இருக்கிறது. கிழக்கு பிரான்சின் ஓர் ஊர் அது. அவ்வூரின் பெயர் தாங்கிய கன்னியர் சபை ஏற்காட்டில் நெடுங்காலமாகப் பள்ளி நடத்துகிறது. அந்த 'ளூ' பிரெஞ்சில் ஊகாரம் அன்று. 'ஈ' என்று ஒலித்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதடுகளை மட்டும் 'ஊ' சொல்வதற்குப்போல் குவியுங்கள்; வருவதுதான் அந்த ஒலி. கண்ணாடி முன் நின்று நாளுக்கு ஐந்து நிமிடம் செய்தால் இரண்டு வாரத்தில் வந்துவிடும். இரண்டாவது, ரகரம். நாக்கின் நுனியை ஆட்டாமல் தொண்டையின் மேற்பகுதியில் காற்றை உரசவிட வேண்டும். உருக்காலை இருக்கும் ஊரில் படிப்பவருக்கு 'எஃகு' என்ற சொல் அயலானதன்று. அதன் ஆய்தத்தை ஒலிக்கும்போது காற்று உரசும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதையே சற்றுப் பின்னால் தள்ளிச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல என்றாலும் தொடங்குவதற்கு அது நல்ல இடம். மூன்றாவது, 'நான்' என்பதற்கான சொல்லின் முதலொலி. பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதுவோர் இதற்கு ழகரத்தைப் பயன்படுத்துவதுண்டு. நானும் இங்கே 'ழ' என்றே எழுதுகிறேன். ஆனால் வாழைப்பழத்தின் ழகரத்தை அங்கே ஒலித்துவிடக் கூடாது. நீண்ட 'ஷ்' ஒலியை எழுப்பியபடி குரலையும் சேர்த்தால் அது கிடைக்கும்.

குறிப்பேட்டில் தமிழெழுத்தால் எழுதாதீர்கள்

பிரெஞ்சுச் சொற்களை இங்கே நான் தமிழெழுத்தில் தருவது சுட்டிக்காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் குறிப்பேட்டில் அப்படிச் செய்யக் கூடாது. முதலாண்டு மாணவனாக இருந்தபோது ஒரு பருவம் முழுவதும் உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தேன். அதைத் திருத்திக்கொள்ள அடுத்த ஓராண்டு ஆனது. பிரெஞ்சில் மீனுக்கு ஒரு சொல், நஞ்சுக்கு ஒரு சொல், பானத்துக்கு ஒரு சொல். மூன்றையும் தமிழெழுத்தில் எழுதினால் 'புவாசோன்' என்ற ஒரே வடிவம்தான் கிடைக்கும். மீனில் வருவது அழுத்தமான 'ஸ்'. நஞ்சில் வருவது வண்டின் ரீங்காரம்போன்ற அதிர்வுள்ள 'ஸ்'. பானத்தின் முதலெழுத்து 'பம்பரம்' என்ற சொல்லின் இரண்டாவது பகரம்போல் அதிர்ந்து வருவது. தமிழில் இந்த வேறுபாடுகளை இடம் பார்த்து ஒலிக்கிறோமே தவிர எழுத்தில் காட்டுவதில்லை. பிரெஞ்சில் அவை பொருளையே மாற்றிவிடும்.

எனவே சொல்லைப் பிரெஞ்சு எழுத்திலேயே எழுதி, அதன்மேல் பென்சிலால் குறியிடுங்கள். ஒலிக்காத எழுத்தின் குறுக்கே மெல்லிய கோடு, மூக்கொலி உயிரின்மேல் ஒரு சிறு அலை, ஒரு சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லோடு சேரும் இடத்தில் கீழே ஒரு வளைவு. இந்த மூன்று குறிகளே முதல் பருவத்துக்குப் போதும். உயிரெழுத்துகளின்மேல் வரும் சாய்கோடுகளையும் கூரைக்குறியையும் விட்டுவிடாதீர்கள். அவை அலங்காரம் அல்ல, எழுத்தின் பகுதி. கைப்பேசியின் விசைப்பலகை அமைப்பில் பிரெஞ்சைச் சேர்த்துக்கொண்டு, எழுத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் குறியுள்ள வடிவங்கள் தோன்றும். கூரைக்குறி நிற்கும் பல இடங்களில் முற்காலத்தில் 'எஸ்' எழுத்து இருந்தது. ஆங்கிலத்தின் ஹாஸ்பிட்டல், ஃபாரஸ்ட் ஆகிய சொற்களில் அது இன்னும் இருக்கிறது, பிரெஞ்சின் 'ஒப்பிதால்', 'ஃபொரே' ஆகியவற்றில் கூரையாக மாறிவிட்டது. ஆங்கிலம் துணைக்கு வரும் இடங்களில் இது ஒன்று.

சொற்கள் சேரும் விதத்துக்கோ பள்ளித் தமிழிலக்கணமே போதும். 'ஏற்காடு' என்பதும் 'என்பது' என்பதும் சேர்ந்தால் உகரம் கெட்டு 'ஏற்காடென்பது' ஆகிறது. 'ழ' என்றால் நான். அதன் பின்னால் 'ஏ' என்ற வினை வந்தால் முன்சொல்லின் உயிர் கெட்டு 'ழே' ஆகிறது. கெட்ட உயிரின் இடத்தில் பிரெஞ்சில் ஒரு மேற்கோள்குறியை இடுகிறார்கள், அவ்வளவே வேறுபாடு. 'லே' என்ற பன்மைச் சுட்டும் நண்பனைக் குறிக்கும் 'அமி'யும் சேரும்போது, எழுத்தில் ஊமையாக நின்ற மெய் உயிர் பெற்று 'லேஸாமி' என்று ஒலிக்கிறது. குற்றியலுகரப் புணர்ச்சியைப் படித்த மாணவருக்கு இவை புதிய கருத்துகள் அல்ல.

எண்கள்: கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பயிற்சி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கிறது. பேருந்தில் சன்னலோரமாக உட்கார்ந்து, வளைவுக்கொரு எண்ணாக ஏறும்போது 1 முதல் 20 வரையும், இறங்கும்போது 20 முதல் 1 வரையும் சொல்லிப் பாருங்கள். 16 வரை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருப்பதால் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 17 முதல் 19 வரை 'தீ-செத்', 'தீஸ்-உயித்', 'தீஸ்-நஃப்' என்று பத்தோடு ஏழு, பத்தோடு எட்டு, பத்தோடு ஒன்பது எனக் கூட்டியே சொல்கிறார்கள். நம் பதினேழும் பதினெட்டும் அமைந்த முறையும் அதுதான். இறங்கும்போது தலைகீழாகச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர் பலர், நடுவில் ஓர் எண்ணைத் தனியே கேட்டால் 1 இலிருந்து விரல்விட்டு வருவார்கள். தலைகீழ்ப் பயிற்சி அந்தக் குறையைப் போக்கும்.

கடினமான எண்கள் 70 க்கு மேல் தொடங்குகின்றன. 70 என்பது 'அறுபதும் பத்தும்', 71 என்பது 'அறுபதும் பதினொன்றும்', 80 என்பது 'நான்கு இருபதுகள்', 90 என்பது 'நான்கு இருபதுகளும் பத்தும்'. 98 என்று சொல்ல 'காத்ர்-வேன்-தீஸ்-உயித்', அதாவது நான்கு, இருபது, பத்து, எட்டு என்று நான்கு எண்களை அடுக்க வேண்டும். இதைக் கற்க நல்ல வழி கைப்பேசி எண்கள். பிரான்சில் தொலைபேசி எண் பத்து இலக்கம் கொண்டது. அதை இரண்டிரண்டு இலக்கமாக ஐந்து முறை பிரித்துச் சொல்வார்கள். நம் எண்களும் பத்து இலக்கமே, அவை 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்குகின்றன. அப்படியானால் நம்மவர் எவருடைய எண்ணைப் பிரெஞ்சில் சொன்னாலும் முதல் இணையே 60 க்கும் 99 க்கும் இடையில் விழும். வகுப்புத் தோழர்கள் ஐந்து பேர் எண்களை மாறி மாறிச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். எழுதியது சரியா என்று அழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கிழமைகளுக்கு ஒரு நாள் போதும். 'லன்தி' நிலவின் நாள், நமக்குத் திங்கள். 'மர்தி' செவ்வாய்க்கோளின் நாள். 'மெர்க்ரதி' புதனின் நாள். 'ழதி' வியாழனின் நாள். 'வான்த்ரதி' வெள்ளியின் நாள். ஐந்து நாட்களும் நம் கிழமைகளோடு கோளுக்குக் கோள் பொருந்துகின்றன. சனியையும் ஞாயிற்றையும் குறிக்கும் 'சம்தி', 'திமான்ஷ்' ஆகிய இரண்டும் சமயவழியில் வந்த பெயர்கள் என்பதால் அவற்றைத் தனியே படித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாக்கியங்கள்: 'எனக்கு' என்று தொடங்குபவை

பிரெஞ்சின் 'த்யு', 'வூ' வேறுபாட்டை விளக்க ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தேவைப்படுகிறது. தமிழில் இரண்டே சொற்கள் போதும்: நீ, நீங்கள். 'வூ' என்பது மரியாதை ஒருமைக்கும் வரும், பலரைக் குறிக்கவும் வரும். 'நீங்கள்' வருவதும் அப்படியே. ஆசிரியரிடமும் கடைக்காரரிடமும் முன்பின் தெரியாத பெரியவரிடமும் 'வூ'; வகுப்புத் தோழரிடம் 'த்யு'. படர்க்கையில் மட்டும் கவனம் வேண்டும்: நம் 'அவர்' போன்ற மரியாதைச் சொல் அங்கே இல்லை. துறைத்தலைவரைப் பற்றிப் பேசும்போதும் 'இல்' அல்லது 'எல்' என்று, அதாவது அவன், அவள் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் அவமதிப்பு ஏதுமில்லை.

முதல் மாதத்தில் எல்லா வினைகளையும் கற்க முயலாமல், 'இரு' என்ற பொருள் தரும் 'எத்ர்', 'உடைமையாகக் கொள்' என்ற பொருள் தரும் 'அவுவார்' ஆகிய இரண்டையும் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற ஆறு இடங்களுக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது வினை வரும் இடத்தில்தான் ஆங்கிலவழிக் கற்றல் மிகவும் தடுமாறச் செய்கிறது. 18 வயது என்பதை ஆங்கிலத்தில் நினைத்து மொழிபெயர்க்கும் மாணவர் 'எத்ர்' வினையை இட்டுத் தவறிழைக்கிறார். தமிழில் 'எனக்கு வயது 18' என்கிறோம். பிரெஞ்சில் 'ழே தீஸ்-உயித் ஆன்', 18 ஆண்டுகளைக் கொண்டிருக்கிறேன் என்கிறார்கள். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தாகமாக இருக்கிறது, எனக்குத் தூக்கம் வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குத் தலை வலிக்கிறது ஆகிய அனைத்துக்கும் பிரெஞ்சில் 'ழே' என்றே தொடங்க வேண்டும். மார்கழிக் காலையில் ஏற்காட்டு ஏரிக்கரையில் நின்று 'எனக்குக் குளிர்கிறது' என்று சொல்ல வேண்டுமானால் 'ழே ஃப்ருவா'. ஆங்கிலத்தைப் பின்பற்றி அங்கே 'எத்ர்' வினையை வைத்தால், நான் உணர்ச்சியற்றவன் என்பதுபோன்ற வேறொரு பொருள் வந்துவிடும். இந்த வழிக்கு எல்லையும் உண்டு: எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும் என்பவை இதில் அடங்கா, அவற்றுக்கு 'ழெம்', 'ழ சே' என்று தனி வினைகள் இருக்கின்றன.

தொழிலைச் சொல்லும்போதும் தமிழே துணை. 'நான் மாணவன்' என்பதில் 'ஒரு' இல்லை. 'ழ சுயி எத்யுதியான்' என்பதிலும் இல்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மாணவர்தான் அங்கே 'ஒரு' சேர்த்துத் திருத்தம் வாங்குகிறார்.

பெயருக்குப் பால்: மனனம் செய்ய வேண்டிய பகுதி

தமிழில் உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால், பெண்பால். பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். இதற்கு ஏன் என்று கேட்பதில் பயனில்லை. சொல்லைப் பாலோடு சேர்த்தே கற்க வேண்டும். 'தாப்ல்' என்று எழுதாமல் 'லா தாப்ல்' என்றும், 'லீவ்ர்' என்று எழுதாமல் 'ல லீவ்ர்' என்றும் எழுதுங்கள். ஆண்பாலை நீல மையிலும் பெண்பாலைச் சிவப்பு மையிலும் எழுதும் பழைய முறையைவிடச் சிறந்த ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

சொற்களை உங்களைச் சுற்றியிருப்பவற்றிலிருந்து எடுங்கள். சேலத்து மாம்பழம் 'லா மாங்க்', ஏற்காட்டுக் காப்பி 'ல கஃபே', மிளகு 'ல புவாவ்ர்', பட்டு 'லா சுவா', உருக்கு 'லசியே'. செவ்வாய்பேட்டையில் கொலுசாகிற வெள்ளி 'லர்ழான்'. அதே சொல்லுக்குப் பணம் என்ற பொருளும் உண்டு. வெட்டிவேர் 'ல வெதிவேர்'. நம்மிடமிருந்து பிரெஞ்சுக்குப் போன சொல் அது. மாங்காயும் போர்த்துகீசியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்ததுதான். நாளுக்குப் பத்து என்று வாரத்துக்கு ஆறு நாட்கள் எழுதினால், ஒரு பருவத்தில் தொடக்கநிலைக்குத் தேவையான சொற்களைத் தாண்டிவிடலாம்.

ஆங்கில வடிவத்தை ஒத்திருந்தும் பொருள் வேறான சொற்களில் ஒன்றை நம் மாணவர்கள் அனைவரும் தவறாகச் சொல்கிறார்கள். 'கொலேழ்' என்றால் கல்லூரி அன்று. பதினொன்று முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளி. பட்டப்படிப்பு மாணவர் தம்மை 'கொலேழ்' மாணவர் என்று அறிமுகம் செய்துகொண்டால் கேட்பவர் திகைப்பார். 'உய்னிவெர்சித்தே' என்று சொல்ல வேண்டும். அதுபோல 'லிப்ரெரி' புத்தகக் கடை, நூலகத்துக்குப் 'பிப்லியொதெக்'.

வினையும் வாக்கியமும்

தமிழில் வினைமுடிவே ஆளைக் காட்டிவிடுவதால் 'பேசுகிறேன்' என்றாலே போதும், 'நான்' வேண்டியதில்லை. பிரெஞ்சிலும் ஆறு இடங்களுக்கு ஆறு வடிவங்கள் எழுதுகிறார்கள். ஆனால் பேசு என்னும் வினையில் நான்கு வடிவங்கள் 'பார்ல்' என்று ஒன்றாகவே ஒலிக்கின்றன. நாங்கள், நீங்கள் ஆகிய இரண்டு மட்டுமே 'பார்லோன்', 'பார்லே' என்று மாறுகின்றன. அதனால் எழுவாயை ஒருபோதும் விடக் கூடாது. வாக்கிய வரிசையில் வினை நடுவிலும் செயப்படுபொருள் பின்னாலும் வருவது ஆங்கிலம்போலத்தான். ஆனால் அதை, அவனை போன்ற பதிலிப்பெயர்கள் வந்தால் அவை வினைக்கு முன்னால் போய் நிற்கும். 'ழ ல வுவா' என்பது 'நான் அதைப் பார்க்கிறேன்' என்ற வரிசையிலேயே அமைந்தது.

வகுப்பில் முதல் நாளிலிருந்தே மூன்று வாக்கியங்களைப் பிரெஞ்சிலேயே கேளுங்கள். புரியவில்லை என்பதற்கு 'ழ ந கோன்ப்ரான் பா'. மறுபடி சொல்லுங்கள் என்பதற்கு 'வூ பூவே ரெப்பேதே, சில் வூ ப்ளே'. இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்பதற்கு 'கொமான் ஓன் தீ சா ஆன் ஃப்ரான்சே'. பல்கலைக்கழக எழுத்துத்தேர்வை ஒருமுறைகூட வாய்திறக்காமல் எழுதி முதல் வகுப்பில் தேர்ச்சி பெற முடியும். முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் மொழிபெயர்ப்புகளையும் மனப்பாடம் செய்து அப்படித் தேறியவர்கள் இரண்டாண்டு முடிவில் ஒரு வாக்கியமும் பேச வராமல் நிற்பதைப் பார்க்க எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. தேர்வுக்குப் படியுங்கள், ஆனால் நாளுக்கு இருபது நிமிடம் தேர்வுக்கு வெளியே ஒதுக்குங்கள். ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் நாள்தோறும் செய்தி ஒலிபரப்புகிறது. டிவி5 மோந்த் தொலைக்காட்சியின் கற்றல் தளத்தில் தொடக்கநிலைக்கான காணொளிகளும் பயிற்சிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கேட்டதில் ஐந்து வரியை எழுத்துப்பார்வை இல்லாமல் எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஒலிக்காத எழுத்துகளை நினைவில் நிறுத்த இதைவிடப் பலன் தரும் பயிற்சி இல்லை.

இரண்டாம் பருவத்தில் ஒரு நாள் நான்கைந்து பேராகப் புதுச்சேரிக்குப் போய்வாருங்கள். சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்நகரின் கடற்கரைப் பகுதித் தெருக்களில், நீலப் பலகைகளில் பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து, எந்த எழுத்து ஒலிக்கவில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே நடக்கலாம்.

தெல்ஃப் தேர்வு

கல்லூரி மதிப்பெண்ணைத் தவிரப் பிற நாடுகளிலும் ஏற்கப்படும் சான்று வேண்டுமானால், பிரெஞ்சு அரசின் கல்வி அமைச்சகம் வழங்கும் தெல்ஃப் தேர்வை எழுதலாம். ஐரோப்பியப் பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. ஓராண்டு ஒழுங்காகப் படித்த மாணவர் ஏ1 நிலைக்குத் துணிந்து பதிவு செய்யலாம். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் தலா 25 ஆக மொத்தம் 100 மதிப்பெண். 50 பெற்றால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5 க்குக் கீழே போகக் கூடாது. சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் நிலையங்களில் எழுதலாம். தேர்வு நாட்களையும் கட்டணத்தையும் அவர்களிடமே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

எழுத்துப் பகுதியில் ஒரு படிவத்தை நிரப்பி, சிறு கடிதமோ அஞ்சலட்டையோ எழுத வேண்டும். பேச்சுப் பகுதியில் முதலில் உங்களைப் பற்றிக் கேட்பார்கள். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வதும் வழக்கம். நம் மாணவர்கள் தடுமாறும் இடம் இது. பிரெஞ்சில் 'ஜி' எழுத்தின் பெயர் 'ழே', 'ஜே' எழுத்தின் பெயர் 'ழீ'. ஆங்கிலப் பழக்கம் இரண்டையும் இடம் மாற்றிவிடும். 'ஐ' எழுத்துக்கு 'ஈ', 'ஈ' எழுத்துக்கு 'அ'. ழகரம் வரும் பெயருடையவர் 'ஸெத்', 'ஆஷ்' என்று இரண்டு எழுத்துகளைச் சொல்ல வேண்டும். உங்கள் பெயரையும் ஊர்ப்பெயரையும் ஐம்பது முறையாவது எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பதிவுப் படிவத்தில் 'நோன்' என்ற கட்டம் குடும்பப்பெயருக்கும், 'ப்ரெனோன்' என்ற கட்டம் இடுபெயருக்கும் உரியவை. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் இடும் நம் வழக்கம் இந்தப் படிவத்துக்குப் பொருந்தாது. கடவுச்சீட்டில் பெயர் எந்தெந்தக் கட்டத்தில் எப்படி விரிந்திருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். தெல்ஃப் சான்றிதழுக்குக் காலவரம்பு இல்லை என்பதால் அதிலுள்ள பெயர் கடவுச்சீட்டோடு பொருந்துவது முக்கியம். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால், முதலில் அதை எடுத்து, அதிலுள்ள பெயரைப் பார்த்து, பிறகு தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள்.